கொலையாளி யார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

தமிழில் ஒரு த்ரில்லர் வெளியானால், முடிவை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்ற வேண்டுகோளும் கூடவே வந்துவிடுகிறது. கடைசித் திருப்பம் தெரிந்துபோனால் மீதிப் படத்தில் சரக்கில்லை என்று எடுத்தவர்களே ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது இது. ரசிகரிடம் மறைப்பதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவதில்தான் பதற்றம் அதிகம் என்று ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு அளித்த நேர்காணலில் விளக்கியிருக்கிறார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாவிட்டால், வெடிக்கும்போது சில விநாடி அதிர்ச்சி. தெரிந்துவிட்டாலோ, மேசையில் நடக்கும் வெட்டிப் பேச்சுகூட நம்மைப் படுத்தி எடுக்கும். 1958இல் வந்த ‘வெர்டிகோ’வின் மூலமான பிரெஞ்சு நாவலில் மர்மம் கடைசியில்தான் அவிழ்கிறது. ஹிட்ச்காக் அதைப் படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே உடைத்துவிட்டார். நாயகனுக்கு உண்மை தெரிந்தால் நாயகியின் கதி என்ன என்ற கவலை அங்கிருந்து நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

ஜீத்து ஜோசப்பின் ‘த்ரிஷ்யம்’, அவரே 2015இல் தமிழில் இயக்கிய ‘பாபநாசம்’ இரண்டிலும் கொலை நம் கண்ணெதிரே நடக்கிறது. ஆனாலும் ‘பாபநாசம்’ நாயகன் சுயம்புலிங்கத்தின் சின்ன மகளைப் போலீஸ் விசாரிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவள் ஒரு சொல் தவறவிட்டால் குடும்பமே சிக்கும் என்பது நமக்குத் தெரியும். பிணம் இருக்கும் இடத்தை மட்டும் இயக்குநர் கடைசிவரை ஒளித்தாரே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்தக் கடைசிக் காட்சி இல்லாவிட்டாலும் படம் நிற்கும். விசாரணைக் காட்சிகள் இல்லாவிட்டால் நிற்காது.

இதைவிட வலுவான மறுப்பு ‘அந்த நாள்’. பாட்டும் சண்டையும் இல்லாமல் வீணை எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கிய அந்தப் படம் கொலையாளியைக் கடைசியில்தான் காட்டுகிறது. ஆனால் அதுவரை நம்மைச் சும்மா உட்காரவைக்கவில்லை. ஒவ்வொருவர் வாக்குமூலமும் செத்துப்போன ராஜன் எப்படிப்பட்டவன் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. கொன்றது யார் என்று தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தாலும் படம் தளர்வதில்லை. அது அந்தக் காலம், இன்றைய ரசிகர் பொறுமை இழந்து செல்போனை எடுத்துவிடுவார், அதனால்தான் பின்னணி இசையைக் கூட்டுகிறோம் என்பார்கள் படம் எடுப்பவர்கள். ஆனால் 1963இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது. பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகள் பாடுகிறார்கள், வெளியே நாயகி சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவள் முதுகுக்குப் பின்னால் காக்கைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். திரைக்கதை எழுதுபவர்கள் கொலையாளியின் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதிப் பார்க்கட்டும். அதற்குமேல் ரசிகர் உட்கார மாட்டார் என்று தோன்றினால், படப்பிடிப்புக்குப் போகாமல் திரும்ப எழுதுவதே நல்லது.