அத்துமீறியது யார்?

எங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு வாய்க்காலும் கொஞ்சம் வேலிக்கருவையும்தான். ரயில் வரும்போது அடுக்கிய பாத்திரங்கள் கடகடவென ஆடும். பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திக்கொண்டு, கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நடவுக்குப் போகும் பெண்களுக்குக் காலை பாசஞ்சர்தான் கடிகாரம். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் சேரி இந்தப் பக்கம்.

ரயில்வே கேட் இருக்கிறது, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, ஊர்ச் சாலையில். புத்தகப் பையோடு எந்தப் பிள்ளை மூன்று கிலோமீட்டர் சுற்றும்? ஜல்லி மேட்டில் ஏறித் தாண்டுகிறார்கள். சாவு விழுந்தால் பாடையையும் அப்படித்தான் தூக்குகிறோம். ஒருவர் முன்னால் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கை காட்டுவார். மீட்டர்கேஜ் வண்டி மெதுவாக வரும், தூரத்திலேயே கேட்கும். இப்போது அகலப்பாதை, வேகம் அதிகம். மின்சார இன்ஜினோ பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. காதை நம்பித் தாண்டிய கிழவிகளுக்கு இனி அந்தத் துணையும் இல்லை.

2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று நாடே கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்டே இல்லாத இடத்தில் தினமும் தாண்டும் பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

காரணம், சட்டத்தின் கண்ணில் அவர்கள் அத்துமீறியவர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி, அனுமதியின்றித் தண்டவாளத்தில் கால் வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரயிலிலிருந்து தவறி விழுந்து பயணி இறந்தால் 124ஏ பிரிவின்படி குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. பள்ளிக்கூடம் போகத் தாண்டிய பிள்ளைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அனில் ககோட்கர் குழு 2012இல் தந்த அறிக்கை, நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இப்படி அடிபட்டுச் சாவதாகச் சொன்னது. இந்தச் சாவுகள் ரயில் விபத்துக் கணக்கிலேயே வருவதில்லை.

வழி கேட்டு மனு கொடுத்தோம். வரைபடத்தில் அந்த இடத்தில் பாதையே இல்லை என்று பதில் வந்தது. ஏன் இல்லை? தண்டவாளம் ஒரு நிலத்தைக் குறுக்கே வெட்டினால், அந்த நிலத்தின் பயன்பாடு கெடாமல் கடவுப்பாதை, பாலம், மதகு அமைத்துத் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு. இது 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. ஆனால் கணக்கு நிலத்துக்குத்தான். தண்டவாளம் போட்ட காலத்தில் பட்டா யாரிடம் இருந்தது? வண்டி மாடு போக மிராசுதாருக்கு வழி கிடைத்தது. அவர் வயலில் உழைத்தவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை, அதனால் வழியும் இல்லை. ரயில் ஓடத் தொடங்கிப் பத்து ஆண்டு கழிந்துவிட்டால் அந்தக் கடமையும் தீர்ந்துவிடுகிறது. எங்கள் பாட்டன் கேட்காமல் விட்டதற்கு எங்கள் பிள்ளைகள் குற்றவாளிகளா?

கதவு முழுக்க அடைபடவில்லை. மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ எப்போது வேண்டுமானாலும் கூடுதல் கடவுப்பாதை கேட்கலாம் என்கிறது 17ஆவது பிரிவு, செலவு கேட்பவருடையது. ஓர் ஊராட்சியின் வருமானத்தில் சுரங்கப்பாதை கட்ட முடியாது. அதற்குத்தான் தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் வந்திருக்கிறது. எங்கள் பெயரில் ஒதுக்கும் பணம் எங்கள் பிள்ளைகள் உயிரோடு பள்ளிக்கூடம் போய்வர உதவட்டும்.

சுரங்கப்பாதை என்று ஒரு பள்ளத்தைத் தோண்டிக் கொடுத்தாலும் போதாது. 2021இல் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் மழைநீர் நிரம்பிய ரயில்வே சுரங்கப்பாதையில் கார் மூழ்கிப் பெண் மருத்துவர் ஒருவர் இறந்தார். சேரிகள் பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில்தான் இருக்கின்றன. நீர் வடிய வழியில்லாத சுரங்கப்பாதை ஐப்பசி, கார்த்திகையில் குளமாகிவிடும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். எத்தனை பிள்ளைகள் தினமும் தாண்டுகிறார்கள், கேட் எவ்வளவு தூரம், இதுவரை எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று படிக்கிற பிள்ளைகளே கணக்கெடுத்து எழுதட்டும். தீர்மான நகலைக் கேட்டு வாங்கி, மாவட்ட ஆட்சியருக்கும் ரயில்வே கோட்ட மேலாளருக்கும் அனுப்புங்கள். வரைபடத்தில் இல்லாத எங்கள் பாதை முதலில் அந்தத் தாளிலாவது ஏறட்டும்.