தகரமா, ஃபைபரா? பழைய கார் கொட்டேஷனுக்குத் தலையாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

அப்பா ஓட்டின மாருதி 800, இல்லைன்னா மாமா கொடுத்த ஜென், இப்போ உங்க கையில இருக்கு. இ.எம்.ஐ. இல்லாத கார், சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுவும்போது பார்த்தா மட்கார்டு ஓரத்துல பெயின்ட் கொப்புளம் விட்டிருக்கு. விரலால அழுத்தினா உள்ள போகுது. டிங்கரிங் பட்டறைக்குப் போனா ரெண்டு விலை சொல்வாங்க, தகரத்துக்கு ஒண்ணு, ஃபைபருக்கு ஒண்ணு. கூடவே, "ஃபைபர்ல துருவே பிடிக்காது தம்பி" என்பாங்க.

அவங்க சொல்றது உண்மைதான். ஆனா அதை மட்டும் வெச்சு முடிவு எடுக்கக் கூடாது. நான் அப்படி எடுத்துத்தான் மாட்டிக்கிட்டேன்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில எங்க வீட்டுக்கு ஷெட் கிடையாது. எங்க 800 வருஷம் பூரா கவர் போட்டு தெருவுலதான் நிற்கும். அந்தக் கவருக்குள்ளயே ஈரம் தங்கி, ரன்னிங் போர்டு துருப்பிடிச்சுது. ஒரு பட்டறையில துருவைத் தேய்ச்சுட்டு, மேல ஃபைபர் மேட், ரெசின், பட்டி, பெயின்ட்னு ரெண்டே நாள்ல முடிச்சுக் கொடுத்தாங்க. பளபளன்னு இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் மாம்பழச்சாலை பக்கத்துல பஞ்சர். ஜாக்கியை வெச்சுச் சுத்தினேன். கார் மேல எழும்பல, ஜாக்கிதான் ரன்னிங் போர்டுக்குள்ள ஏறுச்சு. உள்ள இருந்த தகரம் பொடிப்பொடியா கொட்டுச்சு. அந்தக் கார்லதான் ரெண்டு வருஷமா அம்மாவைப் பின்சீட்டுல உட்கார வெச்சு ஓட்டியிருக்கேன். பணம் போனதைவிட அதுதான் உறுத்துச்சு.

அதனால என் கருத்து இதுதான்: முதல்ல பார்க்க வேண்டியது விலை இல்ல. அந்தப் பாகம் போல்ட்ல நிற்குதா, வெல்டிங்ல நிற்குதான்னு பாருங்க.

போல்ட்ல நிற்கிறவை: முன் மட்கார்டு, பானெட், டிக்கி மூடி. இதுல மட்கார்டுக்கு ஃபைபர் போடலாம், பெரிய ஆபத்து இல்ல. பானெட்டுக்கு நான் தகரம்தான் சொல்வேன். மோதினா தகரம் மடங்கி கொஞ்சம் வேகத்தை வாங்கிக்கும், ஃபைபர் உடைஞ்சு சிதறும். இன்னொண்ணு, ஒடுக்கு விழுந்தா தகரத்தைத் தட்டி எடுக்கலாம். ஃபைபர் விரிசல் விடும், ரெசின் ஊத்தி ஒட்டணும், மறுபடி பெயின்ட் அடிக்கணும்.

வெல்டிங்ல நிற்கிறவை: ரன்னிங் போர்டு, தரைத் தகரம், கதவுக்கு நடுவுல இருக்கிற தூண்கள். 800 மாதிரி கார்களுக்குத் தனியா சேஸிஸ் கிடையாது. பாடிதான் சேஸிஸ். இங்க ஃபைபர் ஒட்டுறது எலும்பு முறிஞ்ச இடத்துல பேண்டேஜ் சுத்துற மாதிரி. துருப்பிடிச்ச தகரத்தை வெட்டி எடுத்துட்டு, புதுத் தகரம் வெச்சு வெல்டு பண்றதுதான் ஒரே வழி.

இப்போ பணக் கணக்குக்கு வருவோம். தகரப் பேனல் அடிக்க பிரஸ்ஸும் டையும் வேணும். அது பெரிய முதலீடு, நிறைய கார் ஓடினாத்தான் கட்டுப்படியாகும். ஃபைபருக்கு ஒரு அச்சு இருந்தா போதும், கையாலேயே செய்யலாம். 1983 டிசம்பர்ல இருந்து 2014 வரைக்கும் மாருதி 800 வந்துச்சு, 25 லட்சத்துக்கும் மேல. அதனால அதுக்குத் தகர மட்கார்டு தேடி அலைய வேண்டியதில்ல. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கான்டெஸா மாதிரி அரிதான கார்னா ஃபைபர்தான் கைகொடுக்கும். ஆக, உங்க கார் ரோட்டுல நிறைய ஓடினதுன்னா, ஃபைபர் பக்கம் போக வலுவான காரணமே இல்ல.

கொட்டேஷனை வருஷத்தால வகுத்துப் பாருங்க. கணக்குப் புரியறதுக்காக ஒரு உதாரணம்: ஃபைபர் ஒட்டு 6,000 ரூபாய், ரெண்டு வருஷம் தாங்குது. வருஷத்துக்கு 3,000. வெட்டி வெல்டு பண்ண 14,000, ஏழு வருஷம் தாங்குது. வருஷத்துக்கு 2,000. உங்க பட்டறை சொன்ன எண்களைப் போட்டு நீங்களே பாருங்க.

திருச்சிக்காரங்களுக்கு ஒரு வசதி உண்டு. பொன்மலை ரயில்வே பணிமனை, பெல், அதோட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம், துவாக்குடி யூனிட்டுகள்னு வெல்டிங் தெரிஞ்ச கைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஆனா பாய்லர் தகடு வேற, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கார் தகரம் வேற. மிக் வெல்டிங்ல விட்டுவிட்டு புள்ளி வைக்கத் தெரிஞ்ச டிங்கரைத் தேடுங்க. வெல்டு முடிஞ்சதும், பட்டி வைக்கிறதுக்கு முன்னாடி போட்டோ கேளுங்க.

இன்சூரன்ஸ்ல ஒரு சின்ன ட்விஸ்ட். 10 வருஷம் தாண்டின கார்ல உலோகப் பாகத்துக்கு 50% தேய்மானம் பிடிப்பாங்க, ஃபைபர் கிளாஸுக்கு 30%தான். "அப்போ ஃபைபர் லாபம்தானே?"ன்னு கேட்பீங்க. தேர்டு பார்ட்டி மட்டும் வெச்சிருந்தா, உங்க காருக்கு வர்ற சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. ஓன் டேமேஜ் இருந்தா, ஃபைபர் மாட்டுறதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க. கம்பெனி போட்ட தகரத்துக்குப் பதிலா வேற பொருள் இருந்தா கிளெய்ம்ல கேள்வி வரலாம்.

கடைசியா, காரையே வெச்சுக்கணுமான்னு யோசிங்க. 15 வருஷம் தாண்டின கார் ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600-ல இருந்து 5,000 ரூபாய் ஆச்சு. 20 வருஷம் தாண்டினா 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000. அதோட டிங்கரிங் செலவைக் கூட்டுங்க. மொத்தம் காரோட மார்க்கெட் விலையில பாதியைத் தாண்டினா, என்னைப் பொறுத்தவரை நிறுத்திடணும். அப்பா ஞாபகம்னா தாராளமா செலவு பண்ணுங்க. ஆனா அதை ஆசைக்கான செலவுன்னு எழுதி வைங்க, சேமிப்புன்னு உங்களையே ஏமாத்திக்காதீங்க.

இந்த வாரமே செய்யக்கூடியது ரெண்டு. ஒரு காந்தத்தை மெல்லிசு துணியில சுத்தி ரன்னிங் போர்டு முழுக்க நகர்த்துங்க. ஒட்டாத இடத்துல ஃபைபரோ கனமான பட்டியோ இருக்கு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போதும் இதைச் செய்யுங்க. அடுத்து, கதவு அடியில இருக்கிற தண்ணி வடியும் ஓட்டைகளை ஒரு குச்சியால சுத்தம் பண்ணுங்க. அதுக்குக் காசே வேண்டாம்.

உங்க கார்ல எந்த இடத்துல காந்தம் ஒட்டலைன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பேசுவோம்.