சிவப்புச் சேறும் நமது பொறுப்பும்



அலுமினியப் பாத்திரம் இல்லாத அடுப்படி நம் ஊரில் அரிது. அந்த உலோகம் பிறக்கும் இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்று நாம் கேட்பதில்லை.

பாக்சைட் கல்லை அரைத்து, காஸ்டிக் சோடா கரைசலில் சூடாக்கி அலுமினாவைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை டன் வரை கழிவு மிஞ்சுகிறது. இதுவே சிவப்புச் சேறு. இரும்பு அதற்கு நிறம் தருகிறது. மிஞ்சிய சோடா காரத்தன்மை தருகிறது. 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்கா நகர் அருகே இச்சேற்றைத் தேக்கிய கரை உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் மால்கோ ஆலை 1965 முதல் அலுமினியம் தயாரித்தது. 2008-இல் அந்த உற்பத்தி நின்றது. சேற்றுக் குவியல் நிற்கவே செய்தது. திருச்சியும் திருவரங்கமும் குடிக்கும் காவிரி மேட்டூரைக் கடந்துதான் வருகிறது.

இச்சேற்றுக்குப் பயன் உண்டு. இதிலுள்ள இரும்பும் அலுமினாவும் சிமெண்ட் தயாரிப்புக்குத் தேவையானவை. டால்மியாபுரத்திலும் அரியலூரிலும் சிமெண்ட் ஆலைகள் நம் அருகிலேயே உள்ளன. செங்கல்லும் செய்யலாம். ஆனால் ஈரத்தையும் சோடாவையும் குறைக்க வேண்டும். கன உலோகங்கள் உண்டா எனச் சோதிக்க வேண்டும். வண்டிக் கூலி கொடுக்க வேண்டும். இந்தச் செலவை யார் ஏற்பது என்பதே உண்மையான கேள்வி.

இதற்கு விடை நம் கண்முன்னே இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஒரு காலத்தில் வெறும் குப்பையாகவே கிடந்தது. சுற்றியுள்ள செங்கல் சூளைகள் அதைப் பயன்படுத்த வேண்டும் என மத்திய அரசு 1999-இல் ஆணையிட்டது. 100 கிலோமீட்டர் வரை வண்டிக் கூலியை மின் நிலையமே ஏற்க வேண்டும் என்று 2016-இல் விதி வந்தது. இன்று சாம்பல் கல்லில் நம் வீடுகள் எழுகின்றன. சட்டம் பொறுப்பை வரையறுத்தபோது குப்பை கல்லானது.

இயற்கை தன் கழிவை மீண்டும் உரமாக்கிக் கொள்கிறது, நம் தொழில்துறையோ இன்னும் அதைக் கற்கவில்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் சுட்டிக்காட்டினார். இலாபத்தை எடுத்தவர் எச்சத்தை ஏழையின் வாசலில் விட்டுச் செல்வது நீதியாகாது.

எனவே சாம்பலுக்குச் செய்ததைச் சேற்றுக்கும் செய்யுங்கள் என்று நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்போம். காவிரியின் நீரைக் குடிப்பவர்களுக்கு அந்த உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.