சுருட்டி வைக்கிறதும் வேலைதான்

எங்க ஊர் திருமங்கலம் பக்கம். கரிசல் காடு, மானாவாரி. மழை பெஞ்சா பருத்தி, சோளம். பெய்யலேன்னா வானத்தைப் பாக்குறது. அதனால வீட்டுல ரெண்டாவதா ஒரு வருமானம் வேண்டியிருக்கு. எங்க வீட்டம்மா திண்ணையில மிதி மெஷின் போட்டு பழைய சேலையில போர்வை தைக்கிறாங்க. மெஷின் மகளுக்குச் சீரா குடுக்கலாம்னு வாங்கினது. "எனக்கு மோட்டார் வச்சதுதான் வேணும்"னு அவ சொன்னதால எங்ககிட்டயே தங்கிருச்சு.

எங்க அப்பத்தா காலத்துல இந்தப் போர்வை எல்லா வீட்டுலயும் இருக்கும். கம்பளி வாங்க காசு ஏது? உடுத்தி நைஞ்ச நூல் சேலைதான் போர்வை. பச்சைப் புள்ளைக்குக் கீழ விரிக்கிறதும் அதுதான், மார்கழிப் பனிக்குப் போத்திக்கிறதும் அதுதான். இப்ப மதுரையில, சென்னையில இருக்கிறவங்க "அம்மா சேலை இருக்கு, போர்வையா தைச்சுத் தர்றீங்களா"ன்னு கேட்டு வர்றாங்க. சந்தோஷம்தான். ஆனா ஒரு விஷயத்தை அவங்களுக்கும் சொல்லணும், எனக்கு நானேயும் சொல்லிக்கணும். அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல கணக்கு. சேலை அஞ்சரை மீட்டர், அதாவது 18 அடி. அதை மூணா மடிச்சா ஆறடி ஆறடியா மூணு மடிப்பு வரும். ஆள் நீளத்துக்குச் சரியா இருக்கும். ரெண்டு சேலை போட்டா ஆறு மடிப்பு. அகலம் மூணே முக்கால் அடி, கரையை வெட்டி எடுத்தா மூணரை அடி. நாலு பக்கமும் சுத்தி அளந்தா 19 அடி வருது. அந்த ஓரத்தை அப்படியே விட்டா ஆறு மடிப்பும் பிரிஞ்சு பல்லிளிச்சுக்கிட்டு நிக்கும். அதை மூடத்தான் ஓரப்பட்டி. மூலை மடிப்புக்கும் கடைசியில ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தித் தைக்கவும் சேத்து இருபதரை அடிப் பட்டி வேணும். மூணு அங்குல அகலத்துல வெட்டணும். ஒட்டுப்போடுற இடத்தைச் சாய்வா வெட்டி ஒட்டணும், நேரா ஒட்டுனா அந்த இடம் கட்டியாத் துருத்தும். அப்புறம் நீளவாக்குல ரெண்டா மடிச்சு இஸ்திரி போடணும்.

இதெல்லாம் முடிஞ்சதும் கையில இருக்கிறது இருபதரை அடி நீளத்துக்கு ஒரு துணிப் பாம்பு. இங்கதான் பிரச்சினையே. அதைத் தரையில போட்டா முறுக்கிக்கும். முறுக்கினது அப்படியே ஊசிக்குக் கீழ போயிட்டா மடிப்பு பிரண்டுக்கும், பிளேடு வச்சுத் தையலைப் பிரிக்கணும். மடியில குவிச்சு வச்சா வழுக்கி விழும். கனம் கீழ இழுக்க, பட்டி இழுபட்டு நீண்டுரும். நீண்ட பட்டியைத் தைச்சா போர்வை ஓரம் தண்ணியில போட்ட அப்பளம் மாதிரி சுருங்கி நெளியும்.

எங்க வீட்டம்மா அதை உக்காந்து சுருட்டுவாங்க. பழைய நோட்டு அட்டையைக் குழலா உருட்டி, அதுமேல பட்டியைப் பிசிறில்லாமச் சுத்தி, தூக்குவாளிக்குள்ள குறுக்க ஒரு குச்சி போட்டு, குழலை அதுல கோத்து வைப்பாங்க. தூக்குவாளி காலுக்கு இடது பக்கம். பட்டி வேணுங்கிற அளவுக்குக் குழல் தானா உருண்டு குடுக்கும். பாக்க எனக்கு வேடிக்கையா இருக்கும். "தைக்கிற நேரத்தைவிட இதுக்குத்தான் நேரம் போகுது"ன்னு கேலி பேசியிருக்கேன்.

போன வருஷம் ஒரு அம்மா மதுரையில இருந்து வந்து ரெண்டு சேலை குடுத்தாங்க. தவறிப்போன அவங்க அம்மாவோடது. ஒண்ணு கரை வச்ச சுங்குடி, இன்னொண்ணு கரையில்லாத சாதாரண நூல் சேலை. சுங்குடின்னா தெரியும்ல, துணியில பொட்டுப் பொட்டா நூலால முடிச்சுப் போட்டு, சாயத்துல முக்கி, அப்புறம் முடிச்சை அவுக்கிறது. மதுரைச் சௌராஷ்டிரர் கை வேலை. 2005ல புவிசார் குறியீடு கிடைச்சுது. "அந்தச் சுங்குடிக் கரைதான் ஓரமா வரணும், அம்மா முந்தியைப் பிடிச்சு நடந்த மாதிரி இருக்கும்"னு அவங்க கேட்டாங்க. ஒரு பக்கத்துக் கரையை வெட்டி 18 அடி எடுத்தாச்சு. மீதி ரெண்டரை அடிக்கு இன்னொரு சேலை முந்தி. சுங்குடியோட மறுபக்கக் கரை போர்வைக்குள்ள மடிப்போட சேந்து தைச்சு முடிஞ்சிருச்சு.

அவங்க சாயந்திரம் வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருந்தாங்க. மத்தியானம் எங்க வீட்டம்மா பட்டியைச் சுருட்ட உக்காந்தாங்க. நான்தான், "அவங்க வந்துருவாங்க, சும்மா சுருட்டிக்கிட்டு இருக்காம தையும்மா"ன்னேன். "ஏங்க, இது கால்ல சிக்குங்க"ன்னாங்க. "ஒரு நாளைக்குச் சிக்காது"ன்னேன்.

பாதி ஓரம் வரைக்கும் ஒழுங்கா ஓடுச்சு. தரையில கிடந்த பட்டி மெதுவா நகந்து மெஷின் சக்கரத்துப் பக்கம் போனதை ரெண்டு பேரும் பாக்கலை. பெல்ட்டுக்குள்ள இழுத்துக்கிச்சு. மிதிச்ச வேகத்துக்கு ஒரு நொடி போதும். நாலடிக் கரை கிரீஸ் அப்பி, நடுவுல கிழிஞ்சு வந்துச்சு. உடுத்தி நைஞ்ச துணி, சோப்புப் போட்டுத் தேச்சா கிழிசல் இன்னும் பெரிசாகும்.

கடையில துணி வாங்கிரலாம். அவங்க அம்மா உடுத்துன கரையை எந்தக் கடையில வாங்குறது?

நானே போன்ல சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கிழிஞ்ச துண்டைத் தூக்கிப் போட்டுறாதீங்கண்ணே, எனக்கு வேணும்"னாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு. கிழிஞ்ச நாலடிக்குப் பதிலா இன்னொரு சேலையில துணி எடுத்து, ரெண்டு நாள் கூடுதலா உக்காந்து முடிச்சுக் குடுத்தாங்க எங்க வீட்டம்மா. ஓரத்துக்குக் கூலி வாங்கலை. என்னையும் ஒண்ணும் சொல்லலை. எதுவும் சொல்லாம இருந்ததுதான் எனக்கு உறைச்சுது.

அடுத்த வாரம் கிணத்தடித் தோட்டத்துல சொட்டுநீர் டியூப் மாத்தினோம். வேலைக்கு வந்த பையன் புதுச் சுருளைத் தரையில படுக்கப்போட்டு ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தான். நான் கத்துனேன். "இழுக்காதடா, உருட்டு! படுத்த சுருளை இழுத்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும். டியூப் மடங்கித் தண்ணி நிக்கும்." சொல்லி முடிச்சுட்டுத்தான் எனக்கே விளங்குச்சு. குச்சியில கோத்த குழல் செய்யிறதும் இதே வேலைதானே. சுருள் உருண்டு குடுத்தா முறுக்கு இல்லை, சுருள் அசையாம நிக்க முனையை இழுத்தா முறுக்கு. என் டியூப்புக்கு நான் பாக்குற பக்குவத்தை அவங்க பட்டிக்குப் பாத்தா மட்டும் எனக்கு அது வெட்டி வேலையாத் தெரிஞ்சிருக்கு.

பழைய ஆளுங்களுக்கு இது தெரியும். சின்ன வயசுல சித்திரைத் திருவிழாவுக்கு எங்க அய்யாவோட மதுரைக்குப் போவேன். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதுத்தாப்புல, திருமலை நாயக்கர் கட்டுன புதுமண்டபம். கல் தூணுக்குத் தூண் தையல்காரங்க உக்காந்திருப்பாங்க. அழகருக்கு வேண்டிக்கிட்டு வேஷம் கட்டுறவங்களுக்கு உடுப்பு தைப்பாங்க. ஓரத்துக்கு வைக்கிற ஜரிகையும் நாடாவும் அவங்க முழங்காலுக்குப் பக்கத்துல வட்டம் வட்டமாச் சுருட்டி அடுக்கியிருக்கும். அந்த நெரிசல்ல, அந்தக் கையகல இடத்துல, அவிழ்ந்து கிடந்த ஒரு நாடாவை நான் பாத்ததில்லை. இப்ப அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க.

மக போன்ல ஒரு வீடியோ காட்டுனா. கர்நாடகாவுல எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி மக்கள்னு இருக்காங்க, பல தலைமுறைக்கு முன்னாடி ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க வழி. அவங்க பொம்பளைங்க பழந்துணியில தைக்கிற போர்வைக்குக் கவந்தின்னு பேரு. நாம நடுவுல தைச்சு முடிச்சுட்டுக் கடைசியில ஓரம் கட்டுறோம். அவங்க ஓரத்தை மடிச்சு மூலையில தொடங்கி, சுத்திச் சுத்திக் கையாலயே தைச்சு நடுவுக்கு வந்து சேருறாங்க. தனியா நீளப் பட்டியே இல்லாததால சிக்கலும் இல்லை. எங்க வீட்டம்மா ரெண்டு தடவை பாத்துட்டு, "கெட்டிக்காரங்க. ஆனா நமக்கு மெஷின் பழகிருச்சு"ன்னாங்க.

இப்ப நகரத்துல இருக்கிற உங்ககிட்ட வர்றேன். போர்வை கேட்டு வர்றவங்க அதிகமாப் பேரம் பேசுறது இந்த ஓரத்துக்குத்தான். "மெஷின்ல ஓரம் அடிக்க அரைமணி நேரம் ஆகுமா? அதுக்கா இவ்வளவு?" நீங்க சொல்ற அரைமணி சரிதான். ஆனா வெட்டி, ஒட்டி, இஸ்திரி போட்டு, சுருட்டி வைக்க ஒரு மத்தியானம் முழுக்கப் போகுது. மெஷின்ல ஒரு பக்கம் அடிச்சப்புறம் மறுபக்கம் மடிச்சுக் கையால தைக்க ரெண்டு ராத்திரி. ஊசி ஓடுறது மட்டும் கண்ணுக்குத் தெரியுது, மத்தது எதுவும் தெரியறதில்லை. உங்களை மட்டும் குத்தம் சொல்லலை. கூடவே உக்காந்திருந்த எனக்கே தெரியலையே.

அரசாங்கம் சத்தியவாணி முத்து அம்மையார் பேருல இலவசமாத் தையல் மெஷின் குடுக்குது. நல்ல திட்டம், எத்தனையோ பொம்பளைங்களுக்குச் சோறு போடுது. ஆனா மெஷினோட சேத்து யாரும் கூலி கேட்கப் பழக்கி விடுறதில்லை. "தைக்கக் கூலி"ன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. தைக்கிறதுக்கு முன்னாடி நடக்குறதைக் கூலியில சேக்கணும்னு அவங்களுக்கே தோணுறதில்லை. பருத்தியிலயும் இதே கதைதான். எடுத்த பஞ்சுக்கு எடை போடுவாங்க, களை எடுத்த நாளுக்கு யாரு எடை போடுறா?

அதனால எங்க வீட்டுல இப்ப ஒரு சின்ன மாத்தம். கணக்கு நோட்டுல ஓரத்துக்கு ரெண்டு வரி எழுதுறோம். பட்டி தயார் பண்ண ஒண்ணு, தைக்க ஒண்ணு. கேக்குறவங்களுக்கு அந்தத் தூக்குவாளியையே காட்டிருவாங்க. ரெண்டு பேர் வேணாம்னு போனாங்க. மத்தவங்க குடுத்தாங்க.

வீட்டுல நீங்களே தைக்கிறவங்களா இருந்தா, ஒண்ணு மட்டும் செய்யுங்க. பட்டி தயாரானதும் உடனே மெஷின்ல உக்காராதீங்க. முதல்ல போர்வையைச் சுத்தி வச்சுப் பாருங்க, ஒட்டு எதுவும் மூலையில வரக்கூடாது. அப்புறம் கடைசியில தைக்கப்போற முனையில இருந்து சுருட்ட ஆரம்பிங்க. அப்பத்தான் முதல்ல தைக்கிற முனை வெளியில இருக்கும். குழல் உருளுற மாதிரி வைங்க. பக்கத்துல ஒருத்தர் உக்காந்துக்கிட்டு "சீக்கிரம் தை"ன்னு சொன்னா, அவரை எழுப்பிக் காட்டுக்கு அனுப்பிருங்க.

அந்தத் தூக்குவாளியை இப்ப தினமும் நான்தான் எடுத்துக் குடுக்குறேன்.