கள்ளனைக் கட்டி அடிக்கிறது தற்காப்பில்லை

கள்ளன் பிடிபட்டால் லைற் போஸ்ற்றில கட்டி நாலு சாத்துச் சாத்தவேணும் எண்டு உடுப்பிட்டியில கேட்டு வளர்ந்தனாங்கள். சேட்டை விட்டவனுக்கு ஒரு பெட்டை திருப்பி அடிச்சால் மட்டும், “பொம்பிளப் பிள்ளைக்கு இது தேவையோ?” எண்டு கேட்பினம். சட்டம் இதுக்கு நேர்மாறு.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. எங்கள் உடலையும் உடைமையையும், மற்றவர்களுடையதையும்கூட, காப்பாற்றப் பலத்தைப் பாவிக்கலாம். ஆனால் தேவைக்கு மேல் கூடாது. பொலிஸின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. கட்டிப்போட்டவனால் ஆருக்கு ஆபத்து? அவனைப் பொலிஸில குடுக்கலாம். அதுக்குப் பிறகு விழுகிற அடி தண்டனை. அதைக் குடுக்கிறது நீதிமன்றத்தின் வேலை.

2011 ஓகஸ்டில் ‘கிறீஸ் பூதம்’ எண்ட பயத்தில சனம் பொல்லோட இரவிரவாகக் காவல் இருந்தது. பயம் உண்மைதான். ஆனால் புத்தளத்தில் கும்பல் தாக்கிப் பொலிஸ்காரர் ஒருவர் இறந்தார்.

அதே சட்டக்கோவையின் 93ஆம் பிரிவைப் பாருங்கோ. வல்லுறவு செய்யவோ கடத்தவோ தாக்குபவனிடமிருந்து தப்ப வேறு வழியில்லையெண்டால், அவன் உயிர் போனாலும் அது குற்றமில்லை. இதை எங்கட பெட்டையளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? கள்ளரைப் பற்றி ஊர்க்கூட்டம் வைக்கேக்க, இதையும் கதையுங்கோ எண்டு கேக்கிறம்.