கடற்கரை மக்களைக் கேட்டீர்களா?

"ஆய்வுக் கிணறுதானே, அதற்கு எதற்கு மக்கள் கருத்துக்கேட்பு?" படித்தவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

எண்ணெய், எரிவாயு தேட ராமநாதபுரத்தில் இருபது கிணறு, குமரிக் கடலில் ஆழ்கடல் வட்டாரங்கள் ஏலம். நம் கேள்வி ஒன்றுதான்: அந்தக் கரையில் வாழ்கிறவர்களைக் கேட்டார்களா?

கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று மத்திய அரசின் விதியே சொல்கிறது. 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் எண்ணெய், எரிவாயுத் தேடல் 'ஏ' பிரிவில் இருந்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு, கலெக்டர் தலைமையில் கூட்டம், பேசியதெல்லாம் வீடியோ பதிவு என்று ஒரு முறை இருந்தது. 2020 ஜனவரி 16 அன்று வந்த திருத்தம் அதைத் துடைத்துவிட்டது. தரையிலோ கடலிலோ, தேடல் பணி எதுவானாலும் 'பி2' பிரிவு. மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், கருத்துக்கேட்பும் வேண்டாம். பெரிய கல்குவாரிக்கு ஊரைக் கூட்டியாக வேண்டும். கடலடியில் துளை போட ஒருவரையும் கேட்க வேண்டாம். இது என்ன நியாயம்?

"எரிவாயு கிடைத்தால், உற்பத்திக்கு முன் கேட்போம்" என்கிறார்கள். கோடி கோடியாகக் கொட்டிய பிறகு கேட்பது, தாலி கட்டிவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்பதுதான்.

பாம்பன் அருகே சின்னப்பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள் பெண்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்று மாதத்தில் பல நாள் கடலில் இறங்குவதில்லை என்று தாங்களே முடிவு செய்தவர்கள். யாரும் சட்டம் போடவில்லை. மன்னார் வளைகுடாவை 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தோமே, 10,500 சதுர கிலோமீட்டர், 21 தீவுகள் என்று பெருமைப்படுகிறோமே, அதன் காவலர்கள் இவர்கள்தான். துளையிடும் சேறு எந்தப் பக்கம் ஒதுங்கும், ஆய்வுக்காக எழுப்பும் ஒலியில் மீன் கலையுமா, கிணற்றைச் சுற்றி 500 மீட்டருக்குப் படகு வரக்கூடாது என்றால் வலை எங்கே விரிப்பது என்று இவர்கள் கேட்பார்கள். டெல்லியில் இருப்பவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றவே தோன்றாது.

கருத்துக்கேட்பு வைத்தால் திட்டமே நின்றுவிடும் என்று பயப்படுவோர் கனடாவைப் பார்க்கட்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஜார்ஜியா நீரிணையின் அடியில் வான்கூவர் தீவுக்கு எரிவாயுக் குழாய் போட ஒரு திட்டம் வந்தது. தீவுவாசிகள், 'எங்கள் முன்னால் பகிரங்கமாக ஆராயுங்கள்' என்று விடாமல் கேட்டார்கள். 2003-ல் பொது விசாரணை நடந்தது. குழு திட்டத்தை நிராகரிக்கவில்லை, அனுமதியும் கிடைத்தது. ஆனால் 2004 முடிவில் திட்டக்காரர்களே கைவிட்டார்கள். அனுமதியோ மறுப்போ, எல்லாக் கணக்கும் மக்கள் முன்னால் வைக்கப்பட்டது. நம் மீனவர்கள் கேட்பதும் அதைத்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கருத்துக்கேட்பு நடக்கும் இடங்களிலும் நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. தமிழில் சுருக்கம் மட்டும். பாதிப்பு வரும் பக்கங்கள் சுருக்கத்தில் இருக்குமா? முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். பஞ்சாயத்து அலுவலகத்தில் வைக்க வேண்டும், கிராம சபையில் வாசிக்க வேண்டும். இதை நாம் எத்தனை முறை எழுதினாலும் தகும்.

2020-ல் அந்தத் திருத்தத்தை எதிர்த்து அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2025-ல் ராமநாதபுரம் கிணறுகள் விவகாரம் வெடித்தபோது தி.மு.க. அரசும் அனுமதிக்க மாட்டோம் என்றது. இரு பெரிய கட்சிகளும் ஒரே பக்கம் நிற்கும் விஷயம் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது? பிறகு ஏன் தாமதம்? சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போடுங்கள். 2020 திருத்தத்தை ரத்து செய்யச் சொல்லி நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்கட்டும். முதல் கிணற்றுக்கு முன்னால் முதல் கூட்டம் நடக்கட்டும். அதுவும் கலெக்டர் ஆபீஸில் வேண்டாம், பாம்பன் கரையிலேயே நடக்கட்டும்.