எஞ்சினைப் பிரிக்கும் முன் எந்தச் சிலிண்டர் என்று கேளுங்கள்

டிராக்டர் எஞ்சின் நடுங்குகிறது, புகை கக்குகிறது, ஏரில் இழுவை இல்லை என்று பட்டறைக்குப் போனால், பல இடங்களில் முதலில் வரும் பதில், "எஞ்சினை இறக்கி முழு வேலை பார்க்க வேண்டும்" என்பதே. விதைப்பு நெருங்கும் அவசரத்தில் விவசாயியும் சரி என்று தலையாட்டி விடுகிறார். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் என்று சிட்டை நீள்கிறது. ஒரு போகத்து வருமானம் அதில் கரைந்து போகிறது. கோளாறு ஒரே ஒரு நாசிலில் இருந்திருந்தால், இது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். எந்தச் சிலிண்டர், என்ன காரணம் என்று சோதித்துக் காட்டாமல் எஞ்சினைப் பிரிக்க எந்த விவசாயியும் சம்மதிக்கக் கூடாது என்பது என் கருத்து.

நம் டிராக்டர்களில் பெரும்பாலானவை 3 அல்லது 4 சிலிண்டர் கொண்டவை. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால், ஒரு சிலிண்டரில் 750 வெடிப்பு. ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று கழுத்தைத் தளர்த்தினால் மற்றதுதான் பாரம் இழுக்கும். எஞ்சினிலும் அப்படியே. ஒரு சிலிண்டர் சோர்ந்தால் மற்றவை அதன் சுமையைத் தாங்குகின்றன. நடுக்கமும் டீசல் செலவும் கூடுகின்றன.

"ஓடும் வரை ஓடட்டும்" என்று விடுவதும் தவறு. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் போனால் பேரிங் தேயும். அளவுகோலில் ஆயில் மட்டம் தானே ஏறி, டீசல் வாடையும் அடித்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள். சிறிய கோளாறு பெரிய வேலையாக மாறுவது இப்படித்தான்.

சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டீசல் வடிகட்டியைப் பார்த்து, குழாயில் காற்று இருந்தால் வெளியேற்ற வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. அதன் பிறகும் நடுக்கம் நிற்காவிட்டால், சோர்ந்த சிலிண்டரைத் தேட வேண்டும். குளிர்ந்திருக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, புகை வெளியேறும் குழாயை ஒவ்வொரு சிலிண்டரின் வாயருகிலும் ஈரத்துணியின் நுனியால் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் சிலிண்டர் அருகே ஈரம் சீறி உலரும். சோர்ந்த சிலிண்டரின் வாய் மட்டும் சூடேறாமல் இருக்கும்.

இதை உறுதி செய்ய, மெக்கானிக் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நாசிலுக்கு வரும் டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக அரைச்சுற்றுத் தளர்த்தி, உடனே இறுக்குவார். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் வேகம் இறங்கி, ஓட்டம் தடுமாறும். எந்த நட்டைத் தளர்த்தியும் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் சோர்ந்தது. இந்தச் சோதனையின்போது நட்டைத் துணியால் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும். பீறிடும் டீசலின் முன் கையை நீட்டவே கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி முனை அளவே தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இந்த முறை பழைய வகை டீசல் பம்ப் உள்ள எஞ்சின்களுக்கு மட்டுமே. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தபின், அவற்றில் காமன் ரெயில் எஞ்சின் வருகிறது. இன்றைய டீசல் கார்களும் அந்த வகையே. அதில் டீசல் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயில் ஸ்பானரே வைக்கக் கூடாது. கம்ப்யூட்டர் கருவியை இணைத்து எந்தச் சிலிண்டர் என்று பார்ப்பதே முறை.

சிலிண்டர் தெரிந்தபின், அதன் நாசிலைக் கழற்றி நல்ல சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றிப் பொருத்தலாம். செம்பு வாஷர் புதியதாக இருக்க வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி நாசில். அதைச் சோதனைக் கருவியில் பூட்டி, டீசல் புகைபோல் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று பார்த்துச் சரி செய்தால் போதும். கோளாறு பழைய இடத்திலேயே நின்றால், அந்தச் சிலிண்டருக்குப் பம்ப் சரியாக டீசல் அனுப்புகிறதா என்று பார்த்து, வால்வு இடைவெளியைக் கையேட்டில் கண்ட அளவுக்குச் சரி செய்ய வேண்டும். பிறகு கம்ப்ரஷன் மீட்டரால் எல்லாச் சிலிண்டர்களையும் அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தால், அப்போதுதான் ஹெட்டைக் கழற்றும் பேச்சே எழ வேண்டும். ரேடியேட்டர் நீரில் ஓயாமல் குமிழி வந்தால் கேஸ்கெட்டையும், ஆயில் ஊற்றும் வாயில் புகை வேகமாக வந்தால் ரிங்கையும் சந்தேகிக்கலாம்.

எல்லா மெக்கானிக்கையும் குறை சொல்வது நியாயமல்ல. மீட்டரும் நாசில் சோதனைக் கருவியும் இல்லாத சிறு பட்டறையில், அனுபவசாலியும் அனுமானத்தில்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இந்தக் கருவிகளில் ஒரு தொகுதி வாங்கி, உறுப்பினர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் சோதித்துத் தரலாம். ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் உள்ளது. ஆனால் 2 ஏக்கர் விவசாயி அவ்வளவு தூரம் போய்வர முடியுமா? கோடையில் வண்டிகள் ஓய்ந்திருக்கும்போது ஒன்றியத்துக்கு ஒரு நாள் வேளாண் பொறியியல் துறை இத்தகைய சோதனை முகாம் நடத்தினால் பலருக்கும் உதவும்.

அதுவரை விவசாயி செய்யக்கூடியது உண்டு. சோதனை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். "எந்தச் சிலிண்டர், என்ன காரணம்?" என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. கேட்காமல் விட்டால்தான் செலவு.